மூன்று வருசத்துக்கு எழுதிக் கொடுத்த மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உனக்கு ஸலாம். வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டுத்தான் கடிதத்தைத் தொடங்குவார்கள். நான் அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். இந்தக் கடிதத்தைப் பிரதியெடுத்து நாலு பேருக்குக் கொடுக்கப் போகிறேன். அவர்களில் இரண்டு பேருக்கு நான் சுகமாக இருப்பது பிடிக்காது. முதல் பிரதி உனக்கு. மற்றவர்கள் வாசிக்க முன்னர் நீ வாசித்துவிட வேண்டும் என்பதற்காக உனக்கு மட்டும் இரண்டு நாள் முந்தி அனுப்புகிறேன்.

போன வியாழக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வரும்போது தேநீர்க் கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அதில் ஒருவர், பெயர் வேண்டாம், உனக்கே தெரியும், எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். "என்ன காக்கா, மகள மூணு வருசத்துக்குக் கொழும்பானுக்கு எழுதிக் குடுத்திட்டீங்களாமே?" நான் உட்கார்ந்து, தேநீர் சொல்லிவிட்டு, "ஓம்" என்றேன். "நானும் கையெழுத்து வெச்சிரிக்கன், அவட உம்மாவும் வெச்சிரிக்கா. வாசிக்கோணும் எண்டா ஒங்களுக்கும் ஒரு பிரதி எடுத்துத் தாறன்." அதற்குப் பிறகு அவர்கள் கடல் இரைச்சலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். நான் தேநீரை ஆறுதலாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழும்பினேன். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு ஒன்று உறைத்தது. ஊருக்கு ஓம் என்று சொல்லிவிட்டேன். ஏன் ஓம் என்றேன் என்பதை உனக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை.

நீ பட்டம் வாங்கி வந்த மாதம் உன் முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, கொழும்பிலுள்ள அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் ரெசிடென்சி: புதிதாகப் பட்டம் பெற்ற தாதிகளை ஒரு வருசம் கையைப் பிடித்துப் பழக்குவார்கள், அதற்குப் பதிலாக மேலும் இரண்டு வருசம் அங்கேயே வேலை செய்வதாக நீ எழுதிக் கொடுக்க வேண்டும், இடையில் விட்டால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும், அதற்கு இரண்டு பிணையாளிகள் கையெழுத்திட வேண்டும். மற்றது, உன் மாமா ஒழுங்கு செய்த உள்ளூர் கிளினிக். மாமா விறாந்தையில் வந்து உட்கார்ந்து சொன்னது உனக்கு நினைவிருக்கும், நீ கதவோடு நின்றுகொண்டிருந்தாய்.

"மச்சான், அவனுகள் மூணு வருசம் கட்டிப் போடுறானுகள். இஞ்ச கிளினிக்கில நாளைக்கே வரட்டாம். கடுதாசி இல்ல, பொண்ட் இல்ல. புடிக்கல்லயா, அடுத்த நாள் வீட்டுக்கு வரலாம். சம்பந்தம் கேட்டு வந்திரிக்கிற ஆக்களும் அதத்தான் விரும்புறாங்க."

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "அந்தக் கிளினிக்கில வேற ஆரு நேர்ஸ் மிஸ் இரிக்காங்க?"

"ஆருமில்ல. அதுக்குத்தானே இவளக் கேக்கிறாங்க. டொக்டர் பின்னேரம் வருவார்."

நீ என்னைப் பார்த்தாய். படிக்கிற காலத்திலும் நீ இரண்டு தடவை என்னிடம் கேட்டிருக்கிறாய்: "வாப்பா, நீங்க முப்பது வருசம் வார்ட்டில நிண்ட ஆள், புதுசா வாற மிஸ்மார் மொத மாசம் எப்பிடி இரிப்பாங்க?" இரண்டு தடவையும் ஏதோ பகிடி சொல்லித் தப்பினேன். மாமா கேட்ட அன்றைக்கும் தப்பினேன். "உம்மாவிட்டயும் கேட்டுச் சொல்லுவம்" என்றேன்.

உன் மாமாவை நான் பழி சொல்லவில்லை. உம்மா சவூதிக்குப் போயிருந்த காலத்தில் உன்னைக் குளிப்பாட்டித் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அவர் வீடு. உன்மேல் அவருக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமை எங்கே முடிகிறது என்பதில்தான் அவருக்கும் எனக்கும் பிரச்சினை. இந்தக் கடிதத்தின் இரண்டாவது பிரதி அவருக்குத்தான்.

உம்மாவும் வேண்டாம் என்றுதான் சொன்னா. ஆனால் ஊர் சொன்ன காரணம் வேறு, அவ சொன்ன காரணம் வேறு. நீ நாலு வயதாக இருக்கும்போது அவ இரண்டு வருசத்துக்கு என்று ஒரு தாளில் கையெழுத்து வைத்துவிட்டு விமானம் ஏறினா. அந்தத் தாள் அரபியிலும் இங்கிலீசிலும் இருந்தது. அவவுக்கும் வாசிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. "வை, வை, எல்லாரும்தானே வைக்கிறாங்க" என்று பேனையை அவ கையில் கொடுத்தது நான். போய் இறங்கிய அன்றே அந்த வீட்டுக்காரி பாஸ்போட்டை வாங்கி அலுமாரியில் பூட்டினாள். இரண்டு வருசம் நாலரை வருசம் ஆனது. அவவின் வாப்பா மௌத்தானபோது ஜனாஸா அடக்கத்துக்கு வர முடியவில்லை. அந்த வீட்டுக் குசினியில் சோறு வடித்துக்கொண்டே ஓதியதாகச் சொல்லியிருக்கிறா. திரும்பி வந்தபோது உனக்கு எட்டரை வயது. நீ மாமியின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு "இது ஆரு?" என்று கேட்டாய். அன்றிலிருந்து உம்மா எந்தத் தாளிலும் கையெழுத்து வைப்பதில்லை. பள்ளிக்கூட அறிக்கைப் புத்தகத்தில்கூட என்னைத்தான் வைக்கச் சொல்லுவா.

ஆகவே உன் ஒப்பந்தத்தைக் கண்டதும் அவ சொன்னது இதுதான்: "கையெழுத்து வெக்கக்குள்ள எல்லாரும் சிரிச்சுத்தான் கதைப்பாங்க. வெச்சதுக்குப் பொறகுதான் மொகம் தெரியும்." பேனையைக் கொடுத்தவன் நான்.

ஆனாலும் நீ கொழும்புக்குப் போக வேண்டும் என்று என் மனம் அடித்துக்கொண்டது. காரணம் நம் வீட்டு முன்னறைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்ட அந்தப் பாராட்டுக் கடிதம். ஆஸ்பத்திரிச் சிற்றூழியர் ஒருவர் சமயோசிதமாகச் செயற்பட்டு ஒரு நோயாளியின் உயிரைக் காப்பாற்றினார் என்று எழுதி, முத்திரை குத்தி, எனக்குத் தந்தது. நீ பத்தாம் ஆண்டில் கட்டுரை எழுதியது அதைப் பற்றி. பல்கலைக்கழகத்தில் ஏன் தாதியியல் படிக்க வந்தாய் என்று கேட்டபோது அதைத்தான் சொன்னதாக ஒருநாள் போனில் சந்தோசமாகச் சொன்னாய். நான் அந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு "அப்படியா மகள்" என்று மட்டும் சொன்னேன்.

மகள், அந்தக் கடிதத்தில் எழுதியிருப்பது பொய். நடந்ததை இப்போது சொல்கிறேன். கோபம் வந்தால் எழும்பி நடந்துவிட்டு வந்து மீதியை வாசி.

நீ ஏழாம் ஆண்டு படித்த காலம். நான் ஆண்கள் மருத்துவ வார்ட்டில். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை. வெள்ளிக்கிழமை, பகல், ஜும்ஆவுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும். வரிப்பத்தான்சேனையிலிருந்து ஒரு விவசாயியைக் கொண்டுவந்திருந்தார்கள். வரம்பில் நடக்கும்போது புடையன் பாம்பு கடித்திருந்தது. டொக்டர் விசமுறிவு மருந்தை எழுதி, சேலைனோடு ஏற்றத் தொடங்கிவிட்டு, அவசரப் பிரிவில் இன்னொருவருக்கு ஆபத்து என்று ஓடினார். வார்ட்டில் நின்றது ஒரேயொரு தாதி. பெயர் சுகந்தி. பெரியநீலாவணைப் பிள்ளை. வேலைக்கு வந்து மூன்றே கிழமை. கட்டில்களிலும் தரையில் பாய்களிலுமாக நாற்பது நோயாளிகள். பொறுப்புத் தாதி குவாட்டர்சுக்குப் போயிருந்தார்.

நான் பின்பக்கக் குழாயடியில் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ எடுத்துக்கொண்டிருந்தேன். யன்னல் திறந்திருந்தது. சுகந்தி பொறுப்புத் தாதியோடு போனில் கதைப்பது ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது. "மிஸ், அவருக்கு உடம்பெல்லாம் தடிக்குது, சொறியிறார். மருந்த நிப்பாட்டவா?" அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை, ஆனால் போனை வைத்துவிட்டு அந்தப் பிள்ளை தனக்குத்தானே, "டொக்டர் எழுதினத நிப்பாட்ட நான் ஆராம்" என்று சொன்னது கேட்டது. இரண்டாவது தடவை எடுத்தாள். "மிஸ், சத்தி எடுக்கிறார், மூச்சு இழுக்குது. கெதியா வாங்க." மூன்றாவது தடவை எடுத்தபோது யாரும் தூக்கவில்லை. அப்போது அவள் தானாகவே மருந்தை நிறுத்தினாள். யன்னலால் தலையை நீட்டி, "காக்கா, ஓடிப் போய் டொக்டரக் கூட்டிட்டு வாங்க. நான் அனுப்பின எண்டு சொல்லுங்க" என்றாள். நான் ஓடினேன். டொக்டர் வந்து ஊசி போட்டார். அந்த மனிதர் பிழைத்தார். அடுத்த அறுவடைக்கு எங்கள் வார்ட்டுக்கு ஒரு சாக்கு அரிசியும் கொண்டுவந்தார்.

அவர் பிழைத்ததால் அது அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவருடைய மகன் முறைப்பாடு எழுதினார்: வார்ட்டில் ஏன் ஒரு சின்னப் பிள்ளை மட்டும் நின்றது என்று. நியாயமான கேள்வி. விசாரணை வைத்தார்கள். விசாரணைக்கு முதல் நாள் பின்னேரம் பொறுப்புத் தாதி நம் வீட்டுக்கு வந்தார். நீ அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாய். அவர் சொன்னார், "நீங்க குழாயடியில நிண்ட, ஒங்களுக்கு ஒண்டும் கேக்கல்ல. நோயாளி இழுக்கிறதக் கண்டு நீங்களாத்தான் டொக்டரிட்டப் போன. இவ்வளவுதான்." எந்த ஊருக்கு யாரை இடம் மாற்றுவது என்பதில் அவர் சொல்லுக்கு எடை இருந்தது. உம்மா வந்து இரண்டு மூன்று வருசம்தான் ஆகியிருந்தது. இன்னொரு தடவை இந்தக் குடும்பம் பிரியக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காரணம்தான். அதற்காக நான் செய்தது சரியாகிவிடாது.

விசாரணை மேசைக்கு முன்னால் சுகந்தி உட்கார்ந்திருந்தாள். "டொக்டரக் கூப்பிட இவதான் ஒங்கள அனுப்பினவவா?" என்று கேட்டார்கள். "இல்ல சேர், நானாத்தான் போன" என்றேன். "இவ போன் எடுத்தது ஒங்களுக்குக் கேட்டதா?" "இல்ல சேர்." அவள் அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். தாமதம் அவளுடைய பிழை என்று எழுதினார்கள். எங்கோ தூரத்துக்கு இடமாற்றம். மூன்று மாதத்தில் வேலையை விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. சட்டம் போட்டது நீ. மாமா தந்த பெருநாள் காசில்.

உன் மாமா கிளினிக்கைப் பற்றிச் சொன்னதன் மூன்றாம் நாள் காலையில் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரியநீலாவணைக்குப் போனேன். வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. ஆட்டோ ஓட்டுகிற சுகந்தி அக்கா என்றதும் ஒழுங்கையைக் காட்டினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. துணியைக் கீழே வைக்கவில்லை.

"மருதமுனையிலிருந்து இஞ்ச வாறதுக்கு எத்தின நிமிசம் காக்கா?" என்றாள்.

"கால் மணித்தியாலம்" என்றேன்.

"ஒங்களுக்குப் பதினாலு வருசம் எடுத்திருக்கு."

நான் நின்ற இடத்திலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். குழாயடி, மூன்று போன், பொறுப்புத் தாதி வீட்டுக்கு வந்தது, சுவரில் தொங்கும் கடிதம். அவள் முன்கண்ணாடியைத் துடைத்து முடித்துவிட்டுப் பின்னிருக்கையைத் துடைக்கத் தொடங்கினாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "அத நீங்களே வெச்சிக்கங்க" என்றாள். "எனக்கு அதால ஒரு பிரயோசனமும் இல்ல. இப்ப என்னத்துக்கு வந்த? அதச் சொல்லுங்க."

மகள் தாதியாகியிருக்கிறாள் என்றேன். அப்போதுதான் அவள் துணியைக் கீழே வைத்தாள். கொழும்பைப் பற்றியும் கிளினிக்கைப் பற்றியும் கேட்டாள். மூன்று வருசம் கட்டிப்போடுவதாக ஊரில் சொல்கிறார்கள் என்றபோது முதல் தடவையாகச் சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை. "எனக்கு ஒரு பொண்டும் இருக்கல்ல காக்கா. என்னையும் ஒருத்தரும் கட்டிப் போடல்ல. மூணாம் கிழமை நாப்பது நோயாளியோட தனிய விட்டாங்க. கட்டிப் போடுறாங்களா எண்டு கேக்காதீங்க. கேக்க வேண்டியது வேற." பிறகு விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். முதல் மாதங்களில் உனக்குப் பக்கத்தில் நிற்பது யார்? அந்த ஆளுக்குப் பெயர் இருக்கிறதா? அந்தப் பெயரைத் தாளில் எழுதுவார்களா? கூப்பிட்டும் அந்த ஆள் வராவிட்டால் பிழை யாருடையது? "இதுக்குப் பதில் சொல்லாத இடம் எண்டா பொண்ட் இருந்தாலும் ஒண்டுதான், இல்லாட்டியும் ஒண்டுதான். போக வேணாம் எண்டு சொல்லுங்க" என்றாள்.

"பழைய மிஸ் ஒராள் சொன்ன" என்று நான் உனக்கு ஒரு கொப்பித் தாளில் எழுதித் தந்த கேள்விகள் இவைதான். யார் அந்தப் பழைய மிஸ் என்று நீ கேட்டாய். பிறகு சொல்கிறேன் என்றேன். இப்போது சொல்லிவிட்டேன்.

கொழும்பில் நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் மற்றப் பிரதிகளை வாசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். நீ, நான், உம்மா மூன்று பேரும் போனோம். பயிற்சிக்குப் பொறுப்பான அம்மணி நல்ல மனிதர்தான். தண்ணீர் தந்தார், கதிரை தந்தார். நீ இங்கிலீசில் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாய். உன் குரல் முதல் கேள்வியில் நடுங்கியது, மூன்றாவதில் நடுங்கவில்லை. முதல் மூன்று மாதமும் ஒரு வழிகாட்டித் தாதியோடு ஒரே ஷிஃப்டில்தான் போடுவோம், தனியாக விடமாட்டோம் என்றார். அப்படியானால் அதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள், பெயரோடு எழுதுங்கள் என்றாய். இதுவரை யாரும் அப்படிக் கேட்கவில்லை என்றார். "நான் கேக்கிறன்" என்று நீ தமிழில் சொல்லிவிட்டாய், அவருக்கும் விளங்கியது. அவர் எழுதினார். வழிகாட்டி தராவிட்டால் என் கடப்பாடும் இல்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னாய். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நீ அதில் தோற்றுவிட்டதாக நினைத்தாய். தோற்கவில்லை மகள். மேசையின் மறுபக்கத்திலிருப்பவர் எதைத் தரமாட்டார் என்று கையெழுத்துக்கு முன்னரே தெரிந்துகொண்டாய். உம்மாவுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

பிறகு அந்தப் பதினோராவது நிபந்தனை. மூன்று வருசம் முடியும் வரை பட்டச் சான்றிதழின் மூலப்பிரதி ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்பது. நீ அதை வாசித்து எங்களுக்கு மொழிபெயர்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன், நீ என்னைப் பார்த்தாய். அதுவரை வாயே திறக்காத உம்மா, "அது நடக்காது" என்றா. அந்த அம்மணி, இது வழமைதான் என்றார். உம்மா தமிழிலேயே சொன்னா: "என்ட பாஸ்போட்டயும் வழமை எண்டுதான் வாங்கின. நாலரை வருசம் அலுமாரிக்குள்ள இரிந்த. என்ட மகள் ஒங்கட வார்ட்டில நிப்பாள், ஓடமாட்டாள். அவட சேட்டிபிக்கட் என்ட வீட்டில நிக்கும்." நீ அதை ஒரு சொல் குறைக்காமல் இங்கிலீசில் சொன்னாய். அந்த அம்மணி எழும்பி வெளியே போனார். அவர் திரும்பி வந்து பதினோராவது நிபந்தனையைப் பேனையால் வெட்டி, பக்கத்தில் ஒப்பம் வைத்தார். உறுதிப்படுத்திய பிரதி போதும் என்றார். அதற்குப் பிறகு உம்மா, வார்ட்டைப் பார்க்க வேண்டும் என்றா. பார்த்தோம். ஒரு இளம் பிள்ளை சேலைன் ஏற்றிக்கொண்டிருந்தது. அதன் தோளுக்குப் பக்கத்தில் வயதான தாதி ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் பேசாமல், பார்த்தபடி நின்றார். நான் முப்பது வருசத்தில் அப்படி ஒருவர் நின்றதைக் கண்டதில்லை. எனக்குக் கண் கலங்கியதை நீ தூசி என்று நினைத்தாய்.

ஊருக்கு வந்ததும் பிணையாளிப் பிரச்சினை. முதலாமவன் நான். இரண்டாமவராக மாமாவைக் கேட்டேன். "கலியாணத்த முடிச்சிட்டு வாங்க, மறுகா வெக்கிறன்" என்றார். அதே கிழமை சம்பந்தக்காரர்களும் ஆளனுப்பினார்கள்: கொழும்பு என்றால் வேண்டாமாம். நீ உள்ளே போய்ப் படுத்துவிட்டாய். கிளினிக்குக்கே போகிறேன் என்றாய். நான் உன்னிடம் வாதாடவில்லை. போகச் சொல்லவோ நிற்கச் சொல்லவோ எனக்கு வாய் இல்லை என்று நினைத்தேன்.

வாய் திறந்தது உம்மாதான். நீ அவவுக்காக ஒப்பந்தம் முழுவதையும் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தாய் அல்லவா, அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு, "இஞ்ச பாருங்க, ரெண்டாவது பிணை நான், கையெழுத்து வெக்கச் சமாதான நீதவானிட்டப் போவம்" என்றா. அங்கே கதிரையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினா. விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக. விளங்காத இடத்தில் உன்னை நிறுத்திக் கேட்டா. நீதவான் ஐயா இரண்டு தடவை மணியைப் பார்த்தார். "வாசிச்சு முடியிற வரைக்கும் நான் பேனையத் தொடமாட்டன் சேர்" என்றா. அவர் உள்ளே சொல்லித் தேநீர் எடுப்பித்தார். லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி, நான் தொழுதுவிட்டு வந்தும் இன்னும் இரண்டு பக்கம் இருந்தது. கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு, கொப்பியை மூடி, உன்னைப் பார்த்து, "இதுல இரிக்கிறது எல்லாம் ஒனக்குச் சம்மதமா? எனக்காக, வாப்பாக்காகச் சொல்லாத" என்று கேட்டா. நீ கொப்பியை வாங்கி ஒரு தடவை புரட்டிப் பார்த்தாய். நான் அதை மறக்கமாட்டேன். பிறகு "ஓம் உம்மா, எனக்குப் பழகோணும்" என்றாய். சவூதியிலிருந்து திரும்பிப் பதினேழு வருசத்துக்குப் பிறகு உன் உம்மா தன் பெயரை எழுதினா. எழுத்துக் கொஞ்சம் கோணல்தான். யார் கேட்டாலும் அந்தக் கையெழுத்தைக் காட்டு.

நீ பஸ் ஏறிய மறுநாள் நான் சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றினேன். உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவ இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "எழுதுங்க" என்று மட்டும் சொன்னா. நான் எழுதினேன்: விசாரணையில் நான் பொய் சொன்னேன், தாதி மூன்று தடவை அழைத்தார், மருந்தை நிறுத்தியது அவர், டொக்டரிடம் என்னை அனுப்பியதும் அவர், இந்தப் பாராட்டு அவருக்கு உரியது. பாராட்டுக் கடிதத்தையும் சேர்த்துத் திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கோப்பு மூடப்பட்டுவிட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. திறக்கச் சொல்லி இரண்டாவது கடிதம் அனுப்பினேன். என் பென்சனை நிறுத்தினால் நிறுத்துங்கள் என்றும் அதில் எழுதியிருக்கிறேன்.

செய்தி எப்படியோ வெளியே போய்விட்டது. முந்தாநாள் அந்தப் பழைய பொறுப்புத் தாதி வந்தார். அதே கதிரையில்தான் உட்கார்ந்தார். அவரும் நரைத்துவிட்டார். "ஏன் இப்ப இதக் கிண்டுறீங்க? நானும் பென்சனுக்கு வந்திட்டன். பேரப் பிள்ளைகளோட இரிக்கன்" என்றார். எனக்கு அவர்மேல் பழைய பயம் ஒரு நொடி வந்தது, மகள், பொய் சொல்லமாட்டேன். பிறகு போய்விட்டது. "ஒங்கட பேர நான் ஒரு இடத்திலயும் எழுதல்ல" என்றேன். "என்ட பேரத்தான் எழுதியிரிக்கன். ஒங்களுக்கு எழுத இரிந்தா நீங்க எழுதுங்க." அவர் தேநீரைத் தொடாமல் எழும்பிப் போனார். மூன்றாவது பிரதி அவருக்கு. நாலாவது, நான் முன்பு இருந்த ஆஸ்பத்திரிச் சிற்றூழியர் சங்கத்துக்கு. அங்கே என்னைப் போல் குழாயடியில் நிற்கிறவர்கள் இன்னும் இருப்பார்கள்.

உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. சுகந்தியே தராததை உன்னிடம் கேட்பது முறையில்லை. நீ என் பொய்யை நம்பித் தாதியானாய் என்று நினைத்து வேலையை வெறுத்துவிடாதே. அன்று வார்ட்டில் ஒரு உயிரைக் காப்பாற்றிய தாதி ஒருத்தி இருந்தது உண்மை. நீ பின்தொடர்ந்தது அவளைத்தான், பெயர்தான் மாறியிருந்தது. எழுதிக் கொடுத்த மூன்று வருசத்தையும் முழுமையாகச் செய். அவர்கள் எழுதித் தந்ததை அவர்கள் செய்யாவிட்டால் வாயை மூடிக்கொண்டிருக்காதே. எத்தனை மணிக்கு யாரைக் கூப்பிட்டாய் என்று ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வை. வராவிட்டால் அடுத்தவரைக் கூப்பிடு. ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும்படி கூப்பிடு. பொம்பிளைப் பிள்ளை சத்தம் போடுகிறாள் என்று யாராவது சொன்னால், என் வாப்பாதான் சொல்லித் தந்தார் என்று சொல். நீ சொல்லுகிற சாட்சியை மறுத்துப் பேச யார் வந்தாலும், பிணையாளிகள் இரண்டு பேரும் பஸ் ஏறி வருவோம்.

நேற்றுத் திணைக்களத்திலிருந்து இரண்டாவது பதில் வந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அம்பாறைக்கு நேரில் வந்து வாக்குமூலம் தரட்டாம். சுகந்தியையும் அழைத்திருக்கிறார்கள். நான் சைக்கிளில் போய்ச் சொன்னேன். அவள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு மடித்துத் தந்தாள். "பஸ்ஸுல போய் ஒம்பது மணிக்கு நிக்க ஏலாது" என்றாள். பிறகு, "நான் ஆட்டோவிலதான் போவன். ஏறுறதெண்டா ஏறுங்க. ஆனா வாடகை தரோணும், சும்மா ஏத்தமாட்டன்" என்றாள். ஓம் என்றேன். ஊருக்குள் நுழையாமல் கரையோரப் பாதையால் போனால் ஆட்கள் காணமாட்டார்கள், உங்களுக்கு அது நல்லமா என்று கேட்டாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மருதமுனை நடுவீதியால், அந்தத் தேநீர்க் கடைக்கு முன்னால், பிறகு கல்முனைக் கடைத்தெருவுக்குள்ளால் போவோம். ஆக்கள் வேலைக்குப் போகிற நேரம். மெதுவாகத்தான் போக முடியும். மெதுவாகவே போகட்டும்.

வாப்பா